பெயரும் மொழியும்: இந்தோனேசியச் சீனர் வரலாறு – ஓர் ஆய்வு

முன்னுரை

வகுப்பறையுள் நுழைந்ததும் ஆசிரியர் செய்யும் முதற்பணி வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை அழைப்பதாகும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் எழுகின்றது. அப்பெயருக்குள் தந்தையின் பெயர் இருக்கின்றது. பாட்டனாரின் நினைவு இருக்கின்றது. ஊரும் குடும்பமும் வழிபடும் நெறியும் இருக்கின்றன. பல்லாண்டுகளாக நாள்தோறும் இப்பணியைச் செய்துவரும் நாம், பெயர் என்பது எத்துணைப் பெரிய உடைமை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை இழந்தவர்களே அதன் அருமையை அறிவர்.

ஒரு நாட்டில் பல்லாயிரம் குடும்பங்கள் தம் முன்னோர் பெயரைக் கைவிட்டன. தம் எழுத்தை வீட்டிற்குள் மறைத்து வைத்தன. தம் திருநாளைக் கதவடைத்துக் கொண்டாடின. 32 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. இது நடந்த நாடு நமக்குப் புதிய நாடன்று. நம் முன்னோர் கப்பலேறிச் சென்று வணிகம் செய்த இந்தோனேசியாவே அது. இவ்வாறு வாழ்ந்தோர் அந்நாட்டில் பல நூற்றாண்டுகளாக வேரூன்றியிருந்த சீனர்கள். அவர்தம் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, மொழி பயிலும் மாணவர்க்கும் சிறுபான்மைச் சமுதாயமாக வாழும் நமக்கும் அவ்வரலாறு தரும் பாடம் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலியில் கிடைத்த கல்

இவ்வாய்வைத் தமிழிலிருந்தே தொடங்க இயலும் என்பது மகிழ்ச்சிக்குரியது. இலங்கையின் காலி நகரில் 1911ஆம் ஆண்டு ஒரு கல்வெட்டுக் கண்டெடுக்கப்பட்டது. 1409 எனக் காலம் குறிக்கப்பெற்ற அக்கல், இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் மூன்று மொழிகள் உள்ளன. சீனமொழிப் பகுதி புத்தரைப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி இஸ்லாமிய நெறியில் இறைவனைப் போற்றுகின்றது. அதனை நிறுவச் செய்தவர் மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹோ.

செங் ஹோ 1371ஆம் ஆண்டு யுன்னான் மாநிலத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1405 முதல் 1433 வரை ஏழு முறை பெருங்கப்பல்களுடன் தென்கடலையும் இந்துமாக்கடலையும் கடந்தவர். அவருடன் பயணம் செய்த மா ஹுவான் என்பாரும் ஒரு முஸ்லிமே. அவர் தம் பயண நூலில் சாவகத் துறைமுகங்களில் மூவகை மக்கள் வாழ்ந்ததைக் குறிப்பிடுகின்றார். மேற்றிசையிலிருந்து வந்த முஸ்லிம்கள், சீனத்தின் தென்கரையிலிருந்து வந்து குடியேறிய சீனர்கள், அந்நிலத்தின் பழங்குடி மக்கள் என்போர் அம்மூவகையினர். அச்சீனருள் பலர் இஸ்லாத்தைத் தழுவியிருந்தனர் என்றும் அவர் எழுதுகின்றார்.

ஐரோப்பியர் கப்பல்கள் அக்கடலில் தோன்றுவதற்கு முன்னரே சீனர்கள் சாவகத்தில் குடியிருந்தனர் என்பதற்கு இது வலிய சான்றாகும். 'வந்தேறிகள்' என்று பிற்காலத்தில் ஏசப்பட்ட மக்களின் வருகை அறுநூறு ஆண்டுப் பழைமையுடையது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

தாய்வழி மண்ணும் தந்தைவழிப் பெயரும்

கடல்கடந்து சென்ற சீனருள் பெரும்பாலோர் ஆடவர். அவர்கள் சென்ற இடத்துப் பெண்களையே மணந்தனர். பிறந்த மக்கள் தாயின் மொழியைப் பேசினர்; தந்தையின் குடிப்பெயரைத் தாங்கினர். இம்மரபினர் 'பெரனாக்கான்' எனப்பட்டனர். 'அனாக்' என்னும் மலாய்ச் சொல்லுக்குக் குழந்தை என்பது பொருள். அதனடியாகப் பிறந்த இச்சொல், அம்மண்ணில் பிறந்தோர் என்பதைச் சுட்டுகின்றது. பிற்காலத்தில் சீனத்திலிருந்து நேரே வந்து சீனமொழியையே பேசியோர் 'தோத்தோக்' எனப்பட்டனர்.

ஆகவே, 'இந்தோனேசியச் சீனர்' என்பது ஒரே அச்சில் வார்த்த மக்கள் தொகுதியன்று. சாவகத்தில் ஹொக்கியன் வழியினர் மிகுதி. பங்கா தீவின் வெள்ளீயச் சுரங்கங்களிலும் மேற்குக் கலிமந்தானின் பொற்சுரங்கங்களிலும் ஹக்கா வழியினர் உழைத்தனர். வடசுமத்திராவின் டெலிப் பகுதியில் புகையிலைத் தோட்டங்களில் கூலிகளாகக் குழுமியோரும் சீனரே. அத்தோட்டங்களைச் சூழ்ந்து வளர்ந்த மேடான் நகரில் தமிழரும் உழைத்தனர். 1884ஆம் ஆண்டில் அங்கே ஒரு மாரியம்மன் கோயிலையும் எழுப்பினர். 'சீனர் என்றால் செல்வர்' என்னும் கருத்து, சுரங்கத்தின் இருளிலும் தோட்டத்தின் வெயிலிலும் மாண்டுபோன கூலிகளை மறந்த கருத்தாகும்.

அம்மேடானில் வாழ்ந்த தியோங் ஆ ஃபீ என்பாரை ஈண்டுக் குறிப்பிடல் தகும். 1860ஆம் ஆண்டு சீனத்தில் பிறந்து, எளியவராக வந்து, பெருஞ்செல்வராக உயர்ந்து, 1921இல் மறைந்தவர் அவர். சீனர் சமுதாயத்தின் தலைவராக விளங்கிய அவர், மேடானின் பள்ளிவாசல்களுக்கும் பொருளுதவி செய்தவர் என இன்றளவும் போற்றப்படுகின்றார்.

சொற்களும் இவ்வுறவுக்குச் சான்று பகர்கின்றன. இன்றைய இந்தோனேசிய மொழியில் வழங்கும் 'பக்மி', 'தாஹு', 'லும்பியா' முதலிய உணவுப் பெயர்கள் ஹொக்கியன் வழக்கிலிருந்து வந்தவை. அதே மொழியில் 'கப்பால்' என்பது நம் கப்பல். 'கெடாய்' என்பது நம் கடை. 'செருத்து' என்பது நம் சுருட்டு. சீனர் அடுக்களையைக் கொடுத்தனர். தமிழர் துறைமுகத்தைக் கொடுத்தனர் எனலாம். பெற்றுக்கொண்ட மொழி இரண்டையும் தன்னுடையதாக்கிக் கொண்டது. மொழி அஞ்சாமல் கலக்கின்றது. அரசுகளே அஞ்சி வேலியிடுகின்றன.

டச்சுக்காரர் இட்ட வேலி

1619ஆம் ஆண்டு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பத்தாவியா நகரை நிறுவியது. அதுவே இன்றைய ஜகார்த்தா. நகரை எழுப்பவும் கரும்பு ஆலைகளை நடத்தவும் வணிகத்தை வளர்க்கவும் கம்பெனிக்குச் சீனர் தேவைப்பட்டனர். அவர்களை ஆள்வதற்கு அவர்களுள் ஒருவரையே 'கப்பித்தான்' ஆக அமர்த்தினர். அவ்வாண்டிலேயே சோ பெங் கோங் என்பவர் முதற் கப்பித்தானாக ஆனார். பினாங்கில் 'கபித்தான் கெலிங்' பள்ளிவாசலை அறிந்த நம் ஊர்ச் சபுராளிப் பெரியவர்களுக்கு இம்முறை புதியதன்று. ஒவ்வோர் இனத்திற்கும் ஒரு தலைவர், ஒவ்வோர் இனத்திற்கும் ஒரு தெரு என்பதே குடியேற்ற ஆட்சியினர் கண்ட எளிய வழி.

அவ்வழியின் கொடிய விளைவு 1740இல் வெளிப்பட்டது. உலகச் சந்தையில் சர்க்கரை விலை வீழ்ந்தது. ஆலைகள் மூடப்பட்டன. வேலையற்ற சீனர் நகர்ப்புறங்களில் திரிந்தனர். ஐயத்திற்குரியோரைப் பிடித்து இலங்கைக்கு நாடு கடத்துமாறு கம்பெனி ஆணையிட்டது. கப்பலில் ஏற்றப்பட்டோர் நடுக்கடலில் தள்ளிக் கொல்லப்படுகின்றனர் என்னும் வதந்தி பரவியது. அஞ்சியோர் ஆயுதம் ஏந்தினர். அக்டோபர் 9ஆம் நாள் தொடங்கி நகரத்தினுள்ளே சீனர் வீடுவீடாகத் தேடிக் கொல்லப்பட்டனர். மருத்துவமனையிலும் சிறையிலும் இருந்தோர்க்கும் உயிர்ப்பிச்சை கிட்டவில்லை. மாண்டோர் தொகை ஏறத்தாழ 10,000 என மதிப்பிடுவர். எஞ்சியோர் மதிலுக்கு வெளியே குடியேற்றப்பட்டனர். அப்பகுதியே இன்றைய குளோடோக்.

ஈண்டு ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்க வேண்டும். உயிர் தப்பிய சீனர் சாவக மக்களுடன் சேர்ந்து 1741 முதல் 1743 வரை கம்பெனியை எதிர்த்துப் போரிட்டனர். இயல்பாக ஒன்றுகூடக்கூடிய மக்களே அவர்கள். அவர்களைப் பிரித்து வைப்பதில் ஆட்சியாளர்க்கு ஆதாயம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் சீனர் குறித்த தெருக்களில்தான் குடியிருக்க வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்னும் விதிகள் இருந்தன. ஐரோப்பியர் ஒரு பிரிவு, பழங்குடியினர் ஒரு பிரிவு, சீனர், அராபியர், இந்தியர் முதலியோர் 'அயற் கீழைநாட்டார்' என மற்றொரு பிரிவு என்று மக்கள் பகுக்கப்பட்டனர். சட்டமும் வரியும் இப்பகுப்பின்படியே அமைந்தன.

இதற்கிடையே அபினி விற்கும் உரிமை, அடகுக்கடை நடத்தும் உரிமை, சுங்கம் தண்டும் உரிமை ஆகியவற்றை அரசு குத்தகைக்கு விட்டது. குத்தகை எடுத்தோருள் செல்வச் சீனர் மிகுதி. வரியின் பயன் டச்சுக்காரர் பெட்டிக்குச் சென்றது. வரி தண்டியவர் முகமோ சீனர் முகமாக இருந்தது. உழவனின் சினம் கண்ணுக்குத் தெரிந்த முகத்தின்மேல் பாய்ந்தது. வேலியிட்டவன் மறைந்துகொள்ள, வேலியருகே நின்றவன் பழி சுமந்தான். பிற்கால வெறுப்பின் விதை இங்கேதான் ஊன்றப்பட்டது என்பது நம் துணிபு.

மலாய் மொழிக்கு அவர் ஆற்றிய தொண்டு

மொழி மாணவர்கள் ஊன்றிப் பயில வேண்டிய பகுதி இதுவாகும். பெரனாக்கான் சீனர் மலாய் மொழியைத் தம் இலக்கிய மொழியாக ஏற்றுக்கொண்டனர். லீ கிம் ஹொக் (1853–1912) என்பார் 1884ஆம் ஆண்டு பத்தாவிய மலாய் மொழிக்கு ஓர் இலக்கண நூல் இயற்றினார். அதே ஆண்டில் சித்தி அக்பரி என்னும் பெண்ணைத் தலைவியாகக் கொண்ட ஒரு 'ஷயிர்' காப்பியத்தையும் வெளியிட்டார். சீனர் ஒருவர், மலாய் மொழியில், முஸ்லிம் அரசவைக் கதையைப் பாடியிருக்கின்றார். அரபு நாட்டில் தோன்றிய நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபில் பாடிய உமறுப்புலவரை அறிந்த நமக்கு, இத்தகைய சங்கமத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

குவீ தெக் ஹோய் (1886–1951) நாடகமும் புதினமும் சமயக் கட்டுரையும் எழுதிக் குவித்தார். இவரையொத்த பலர் ஆக்கிய நூல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆயினும், இவர்கள் கையாண்டது 'சந்தை மலாய்' என இகழப்பட்டது. அரசு ஏற்ற 'உயர் மலாய்' எழுதியோர்க்கே இலக்கிய வரலாற்றில் இடம் கிடைத்தது. மக்கள் பேசும் மொழியில் எழுதியோர் படியாத இலக்கியம் படைத்தோராகக் கருதப்பட்ட கொடுமை எந்நாட்டிலும் உண்டு போலும். அரபுத்தமிழ் நூல்கள் நெடுங்காலம் தமிழிலக்கிய வரலாற்றின் வாயிற்படியில் காத்திருந்ததை நாம் மறந்துவிடவில்லை.

1910இல் தொடங்கப்பெற்ற 'சின் போ' என்னும் சீனர் செய்தித்தாளில் செய்தியாளராகப் பணிபுரிந்தவர் டபிள்யூ.ஆர். சுப்ரத்மான். இந்தோனேசிய நாட்டுப்பண்ணை இயற்றியவர் அவரே. 1928ஆம் ஆண்டு அப்பண்ணை அச்சிட்டு மக்களிடம் கொண்டு சென்றது அச்செய்தித்தாள். அவ்வாண்டு அக்டோபர் 28ஆம் நாள், 'ஒரே தாயகம், ஒரே நாட்டினம், ஒரே மொழி' என்னும் கருத்தில் இளைஞர்கள் உறுதிமொழி ஏற்ற இல்லம், சீ கோங் லியோங் என்னும் சீனருக்கு உரியது. நாட்டுப்பண் ஒலித்த வீடும், அதனை அச்சிட்ட தாளும் சீனருடையவை. இதனை அறிந்தோர், 'இவர்கள் இந்நாட்டின் விடுதலைக்கு என் செய்தனர்?' என வினவார்.

விடுதலைக்குப் பின்

1945இல் விடுதலை அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் நாட்டின் அமைப்பை வரையக் கூடிய ஆயத்தக் குழுவில் லீம் கூன் ஹியான் முதலிய சீனர் நால்வர் இடம்பெற்றனர். டச்சுக் கடற்படையின் முற்றுகையைப் பலமுறை ஊடுருவிச் சென்று விடுதலைப் போருக்கு ஆயுதம் கொணர்ந்தவர் ஜான் லீ (1911–1988). இவருக்கு 2009ஆம் ஆண்டு 'தேசிய வீரர்' என்னும் சிறப்பு வழங்கப்பட்டது. சீனர் ஒருவர் அச்சிறப்பைப் பெற்றது அதுவே முதன்முறை.

ஆயினும், 'நீ யார்?' என்னும் வினா அவர்களைத் தொடர்ந்து வந்தது. சீன அரசு சீன வழித்தோன்றல்களைத் தன் குடிகளாகக் கருதியதால் பலர் இரட்டைக் குடியுரிமை உடையோராயினர். 1955இல் இரு நாடுகளும் செய்த உடன்படிக்கை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு கூறியது. 1959ஆம் ஆண்டு, அயல்நாட்டுக் குடியுரிமையினர் சிற்றூர்களில் சில்லறை வணிகம் செய்யலாகாது என அரசு விதித்தது. அதனைத் தொடர்ந்து ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் கப்பலேறிச் சீனம் சென்றனர். அவர்களுள் பலர் சீனத்தை அதுவரை கண்ணால் கண்டிராதவர்கள்.

உள்நாட்டில் தங்கியோரிடையே இருவகைக் கருத்துகள் மோதின. சியாவ் கியோக் சியான் தலைமையில் இயங்கிய 'பப்பெர்க்கி' அமைப்பினர், சாவகரும் சுந்தரும் தத்தம் பெயருடனும் பண்பாட்டுடனும் இந்தோனேசியராக இருப்பது போலச் சீனரும் இருக்கலாம் என்றனர். மற்றொரு சாரார், பெயரையும் தனி அடையாளத்தையும் விட்டுப் பெரும்பான்மையுடன் கரைந்துவிடுவதே பாதுகாப்பு என்றனர். முன்னது இணைந்து வாழ்தல்; பின்னது கரைந்து போதல். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் நன்கு உளங்கொள்ள வேண்டும். விவாதம் முடிவதற்கு முன்பே அரசியல் அதனை முடித்துவைத்தது.

பெயர் போயிற்று, எழுத்தும் போயிற்று

1965ஆம் ஆண்டு நிகழ்ந்த அரசியல் கொந்தளிப்பிற்குப் பின் சுகார்த்தோ ஆட்சிக்கு வந்தார். சீனம் பொதுவுடைமை நாடாக இருந்தமையால் சீனர் அனைவரும் ஐயத்திற்கு உள்ளாயினர். பப்பெர்க்கி தடை செய்யப்பட்டது. 1966இல் சீனமொழிப் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு இறுதியில் பெயர் மாற்றம் பற்றிய ஆணை வெளிவந்தது. சட்டத்தின் எழுத்துப்படி அது எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. பெயர் மாற்ற விழைவோர்க்கு நடைமுறையை எளிதாக்குவதாகவே கூறியது. ஆனால், அச்சம் நிறைந்த காலத்தில் அரசு விடுக்கும் வேண்டுகோளுக்கும் கட்டளைக்கும் வேறுபாடு இல்லை.

லிம் குடியினர் 'சலிம்' என்றும் 'ஹாலிம்' என்றும் ஆயினர். ஊய் குடியினர் 'விஜாயா' ஆயினர். தான் குடியினர் 'சுதாந்தோ' ஆயினர். புதிய பெயருக்குள் பழைய பெயரின் ஓர் ஒலியையேனும் ஒளித்துவைக்க அவர்கள் முயன்றதை இம்மாற்றங்கள் காட்டுகின்றன. ஒலியியல் பயிலும் மாணவர்க்கு இஃது ஒரு சொல்லாய்வாகத் தோன்றலாம். நமக்கோ, வெள்ளம் புகுந்த வீட்டில் கையில் கிடைத்த ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஓடும் தாயின் செயலாகத் தோன்றுகின்றது.

ஒரே வீட்டில் பிறந்த இரு உடன்பிறப்புகள் இவ்வினாவுக்கு இருவேறு விடை கண்டனர். மூத்தவரான சோ ஹொக் ஜின், 'அரீஃப் புடிமான்' எனப் பெயர் மாற்றிக்கொண்டு சமூகவியல் அறிஞராகப் புகழ்பெற்றார். அப்பெயரின் முற்பகுதி அரபு. பிற்பகுதி வடமொழிவழி வந்தது. இளையவரான சோ ஹொக் கீ தம் பெயரை மாற்றவில்லை. மாணவர் இயக்கத்தில் முன்னின்று, முந்தைய ஆட்சியின் தவறுகளையும் புதிய ஆட்சியின் தவறுகளையும் ஒருங்கே கண்டித்து எழுதிய அவ்விளைஞர், 1969ஆம் ஆண்டு செமேரு மலையில் 27 வயது நிரம்பும் முன்னரே இறந்தார். அவர்தம் நாட்குறிப்பு 1983இல் நூலாக வெளிவந்தது. அண்ணன் பெயரை மாற்றியதால் கோழையாகிவிடவில்லை. அவரும் அதிகாரத்தை எதிர்த்து நின்றவரே. தம்பி பெயரை மாற்றாததால் நாட்டுப்பற்றில் குறைந்துவிடவும் இல்லை. பெயருக்கும் நாட்டுப்பற்றுக்கும் முடிச்சுப் போடுதல் தவறு என்பதற்கு இவ்விருவரே சான்று.

1967ஆம் ஆண்டின் 14ஆம் எண் ஆணை, சீனர்தம் சமயச் சடங்குகளையும் பழக்கவழக்கங்களையும் வீட்டிற்குள்ளே மட்டும் நிகழ்த்துமாறு விதித்தது. சிங்க நடனம் தெருவிலிருந்து மறைந்தது. சீன எழுத்துப் பலகைகள் இறங்கின. அரசின் மேற்பார்வையில் வெளிவந்த ஒரே ஒரு செய்தித்தாள் தவிரச் சீன எழுத்தில் அச்சிட்ட எதற்கும் இடமில்லை. நாட்டிற்குள் நுழைவோர் நிரப்பும் சுங்கப் படிவத்தில், போதைப் பொருள், ஆயுதம் முதலியவற்றின் வரிசையில் சீன எழுத்து அச்சுப் பொருள்களும் சேர்க்கப்பட்டிருந்தன. ஒரு மொழியின் எழுத்து வெடிமருந்துக்கு இணையாக வைத்து எண்ணப்பட்டது!

அவர்களைக் குறிக்கும் சொல்லும் மாற்றப்பட்டது. அவர்கள் தம்மைத் 'தியோங்ஹோவா' என அழைத்துக்கொண்டனர். 1967ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அதனை விலக்கி, இழிபொருள் ஏறியிருந்த 'சீனா' என்னும் சொல்லைப் புகுத்தியது. குடியுரிமை உடையோராயினும் அதற்குத் தனிச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்னும் நடைமுறையும் நிலைத்தது. 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கமும் 2001இல் பூப்பந்து உலக வாகையர் பட்டமும் நாட்டிற்கு ஈட்டித் தந்தவர் ஹெந்திராவான். அவருக்கே 2002 வரை குடியுரிமைச் சிக்கல் தீரவில்லை. குடியரசுத் தலைவர் மேகவதி தலையிட்ட பின்னரே தீர்ந்தது. பதக்கம் நாட்டுக்கு உரியதாயிற்று. பதக்கம் வென்றவரோ அயலாராகவே நின்றார்.

இத்தனைக்கும் நடுவில், ஆட்சியாளருக்கு நெருங்கிய சில சீன வணிகர் பெருஞ்செல்வம் குவித்தனர் என்பதும் உண்மை. பள்ளியிலும் படையிலும் அலுவலகத்திலும் வாயில்கள் குறுகியபோது வணிகத்தின் வாயில் மட்டும் அகன்று கிடந்தது. சிலரின் செல்வம் அனைவரின் குற்றமாயிற்று. டச்சுக்காரர் காலத்துப் பழைய நாடகமே புதிய மேடையில் நிகழ்ந்தது.

1998 மே

1997இல் ஆசியப் பொருளாதார நெருக்கடி தாக்கியது. பண மதிப்புச் சரிந்தது. அரிசி விலை ஏறியது. 1998 மே 12ஆம் நாள் திரிசக்தி பல்கலைக்கழக மாணவர் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறுநாள் தொடங்கி 15ஆம் நாள் வரை ஜகார்த்தா, சோலோ முதலிய நகரங்களில் சீனர் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர், எரிந்த அங்காடிகளுள் சிக்கிக்கொண்ட ஏழை மக்கள் என்பது கலவரத் தீக்கு இனம் தெரியாது என்பதைக் காட்டுகின்றது. சீனப் பெண்கள் பலர் பாலியல் கொடுமைக்கு ஆளாயினர். அரசு அமைத்த கூட்டு உண்மையறியும் குழு, பாலியல் வன்முறைக்கு ஆளானோருள் 85 பேரைப் பற்றிய செய்திகளை உறுதி செய்து, அவ்வாண்டு அக்டோபரில் அறிக்கை அளித்தது.

அந்நாள்களில் கடைக்காரர்கள் தம் கடைக் கதவுகளில், இது பூர்விகக் குடியினருக்கு உரியது என்றும், இது முஸ்லிமுக்கு உரியது என்றும் எழுதி வைத்தனர். பெயரை மாற்றியவர்க்கும் அன்று பாதுகாப்பு இல்லை. முப்பதாண்டுகளுக்கு முன் விட்டுக்கொடுத்த பெயர் எதனையும் வாங்கித் தரவில்லை என்பதை அக்கதவுகள் உணர்த்தின. தன் சமயத்தின் பெயரைப் பிறர் கேடயமாக எழுத வேண்டிய நிலை வந்ததே என்று வருந்திய நல்லோரும் அந்நாட்டு முஸ்லிம்களிடையே பலர் இருந்தனர்.

ஓர் ஆலிமின் கையெழுத்து

மே 21ஆம் நாள் சுகார்த்தோ பதவி விலகினார். அடுத்து வந்த ஹபீபி, பெண்களுக்கு எதிரான வன்முறைக்கு வருத்தம் தெரிவித்தார். பெண்கள் மீதான வன்முறையைக் களையத் தேசிய ஆணையம் அமைத்தார். 'பூர்விகக் குடியினர், அல்லாதோர்' என்னும் சொற்களை அரசு வழக்கிலிருந்து நீக்கவும் ஆணையிட்டார். 1999இல் குடியரசுத் தலைவரானவர் அப்துர்ரஹ்மான் வாஹித். 'குஸ் துர்' என மக்கள் அன்புடன் அழைத்த இவர் ஒரு மார்க்க அறிஞர். 1926இல் தோன்றிய நஹ்தத்துல் உலமா என்னும் பேரமைப்பின் நிறுவனர் ஹாஷிம் அஷ்அரியின் பேரர். அவ்வமைப்புக்குத் தலைமை தாங்கியவர்.

2000ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள், 6ஆம் எண் ஆணையில் அவர் கையெழுத்திட்டார். 1967ஆம் ஆண்டின் தடை நீங்கியது. கண்பார்வை மங்கிய அம்மனிதர் இட்ட ஒரு கையெழுத்து, 32 ஆண்டுகள் மறைக்கப்பட்ட விளக்குகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. மேகவதியின் ஆட்சியில் சீனப் புத்தாண்டு 2003 முதல் நாட்டு விடுமுறையாயிற்று. 2006ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பிறப்பின் அடிப்படையிலான பாகுபாட்டைக் களைந்தது. 2014இல் அரசு ஆவணங்களில் 'சீனா' என்னும் சொல் நீங்கித் 'தியோங்ஹோவா' மீண்டது. குஸ் துருக்குச் செமாராங் நகரச் சீனர் 2004ஆம் ஆண்டு 'இந்தோனேசியச் சீனரின் தந்தை' என்னும் பட்டம் சூட்டினர்.

ஆயினும், எல்லாம் நலமே முடிந்தது எனக் கூறுதல் உண்மையாகாது. ஜகார்த்தாவின் ஆளுநராக விளங்கிய சீன வழியினரான பாசுகி, சமய நிந்தனை வழக்கில் 2017இல் ஈராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அவ்வாண்டுத் தேர்தலில் இன, சமய உணர்வுகள் மிகக் கூர்மையாயின. அதே 2017இல் சிங்காவாங் நகரில் சீன வழிப் பெண் ஒருவர் மேயராகப் பொறுப்பேற்றார். 2023 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஜோகோ விடோடோ, 1998 மே நிகழ்ச்சிகளைக் கொடிய மனித உரிமை மீறல்களுள் ஒன்றாக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். ஒப்புக்கொண்டமை நன்று, எனினும் குற்றவாளிகளைத் தண்டித்தலும் அதுவும் ஒன்றல்ல.

மீண்டவையும் மீளாதவையும்

2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைச் சீனர் எனப் பதிவு செய்துகொண்டோர் 28,32,510 பேர். மொத்த மக்கள் தொகையில் 1.2 விழுக்காடு. தடை நீங்கியதும் சிங்க நடனம் மீண்டது, கோயில் விழா மீண்டது, செய்தித்தாள் மீண்டது. ஆனால், மொழி அவ்வாறு மீளவில்லை. பள்ளி மூடிய ஆண்டில் சிறுவராயிருந்தோர் தடை நீங்கியபோது நடுவயதைக் கடந்துவிட்டனர். அவர்தம் மக்களுக்கு எழுத்துக் கற்பிக்க ஆளில்லை. இன்று இளைஞர்கள் சீனமொழி பயிலுகின்றனர். அது பெரும்பாலும் வேலைக்காகவும் வணிகத்திற்காகவும் பயிலும் மாண்டரின். பாட்டி பேசிய ஹொக்கியன் அன்று. மேடானில் ஹொக்கியனும் சிங்காவாங்கில் ஹக்காவும் இன்றும் நாவில் வாழ்வது, அங்கே குடும்பங்கள் வீட்டுக்குள் மொழியைக் கைவிடாமையால்தான்.

இங்கே ஒரு நுட்பத்தையும் மறத்தலாகாது. சாவகத்துப் பெரனாக்கான் குடும்பங்கள் பல, தடைக்கு நெடுங்காலம் முன்பே சீனமொழியை விட்டு மலாயிலும் சாவகமொழியிலும் பேசின. அதனால் அவர்கள் துயருற்றார் இல்லை. அம்மொழிகளில் இலக்கியம் படைத்தனர். தானே விரும்பி ஏற்கும் மொழி ஒருவனை வளர்க்கின்றது. அடித்துப் பறிக்கப்படும் மொழி அவனுள் காயமாகத் தங்கிவிடுகின்றது. குறை மொழி மாறியதில் இல்லை. மாற்றுமாறு அச்சுறுத்தியதில் உள்ளது.

நாம் பெறும் பாடம்

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடங்கள் மூன்று எனக் கருதுகின்றோம்.

முதலாவது, சிறுபான்மைச் சமுதாயம் தான் வாழும் நாட்டின் மொழியைத் தன் மொழியாக்கிக் கொண்டு, அதற்குத் தொண்டு செய்தல் வேண்டும். அந்தத் தொண்டைப் பதிவு செய்து, அடுத்த தலைமுறைக்கு எடுத்துரைத்தலும் வேண்டும். லீ கிம் ஹொக்கையும் சீ கோங் லியோங் இல்லத்தையும் மக்கள் அறிந்திருந்தால் 'அயலார்' என்னும் பழி அத்துணை எளிதில் ஒட்டியிராது. நம் புலவர்களின் நூல்கள் ஊர்தோறும் பெட்டிகளில் கறையானுக்கு இரையாகிக் கொண்டிருக்கையில், இப்பாடம் நம் வீட்டு வாயிலில் நின்று பேசுகின்றது.

இரண்டாவது, அதிகாரத்தின் நிழலில் சிலர் அடையும் செல்வம் சமுதாயத்திற்குப் பாதுகாப்பு ஆகாது. கப்பித்தான்களின் காலம் முதல் 1998 வரை அது திரும்பத் திரும்ப மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. அண்டை வீட்டாரின் அன்பே அரண். அக்கால அரசுகளைவிடத் தியோங் ஆ ஃபீயின் கொடை நீடு வாழ்கின்றது.

மூன்றாவது, நாம் எங்கோ ஓரிடத்தில் சிறுபான்மை, வேறோரிடத்தில் பெரும்பான்மை. பெரும்பான்மையாய் இருக்கும் இடத்தில் நாம் எவ்வாறு நடந்துகொள்கின்றோம் என்பதே நம் நெறிக்கு உரைகல். தன் சமயத்தில் ஆழ வேரூன்றிய குஸ் துர், பிறர் சமயத்தையும் பெயரையும் கண்டு அஞ்சவில்லை. வேர் ஆழமாக உள்ள மரம் பக்கத்து மரத்தின் நிழலைக் கண்டு நடுங்குவதில்லை.

முடிவுரை

காலிக் கல்வெட்டில் மூன்று மொழிகள் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே கல்லில் அறுநூறு ஆண்டுகளாக இருந்துவருகின்றன. எழுதச் செய்தவர் ஒரு முஸ்லிம், ஏவியது சீன அரசு, இடம் இலங்கை, அதில் நம் தமிழும் உண்டு. ஒரு கல்லுக்கு இயன்ற பெருந்தன்மை ஒரு நாட்டுக்கு இயலாதா என்னும் வினாவை நம் மாணாக்கரிடம் விட்டுச் செல்கின்றோம்.

நாளைக் காலை வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது, பெயர்களைச் சற்று நிதானமாக, ஒலி பிழையாமல் அழைக்க வேண்டும் என எண்ணுகின்றோம். பிறர் பெயரைத் திருத்தமாக உச்சரித்தல் ஆசிரியருக்குச் சிறு கடமையே. அச்சிறு கடமையை ஓர் அரசு மறந்ததால் விளைந்த துன்பத்தையே இதுகாறும் கண்டோம்.